சேனாபதியின் சுருக்கங்களும் டேவி ஜோன்ஸின் தாடியும்: ஒப்பனையா, கிராபிக்ஸா?

கொட்டகை:

போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் "இந்தியன்" ஓடிக்கொண்டிருந்தது. என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. சேனாபதியும் சந்துருவும் ஒரே ஆள்தான் என்று சொன்னால் நம்ப மறுத்துவிட்டான். எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று தாத்தாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது எப்படிப்பா செஞ்சாங்க?" என்று மூன்று முறை கேட்டான்.

அதற்கு முந்தின வாரம் இருவரும் தியேட்டருக்குப் போயிருந்தோம். படத்தில் ஒரு பெரிய அரக்கன் வந்தான். செலவுக்குக் குறைவில்லை. அது எப்படி வந்தது என்று மகன் கேட்கவே இல்லை. கேட்டது நான்தான். "கம்ப்யூட்டர்ல செஞ்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பாப்கார்னைத் தின்றான்.

"இந்தியன்" வந்தது 1996-ல். அப்போது கமலுக்கு 41 வயது. மைக்கேல் வெஸ்ட்மோர், மைக்கேல் ஜோன்ஸ் என்ற இரண்டு ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர்கள் கமலுக்கும் சுகன்யாவுக்கும் முதுமையைக் கொண்டுவந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் ஒரு சின்னப் பையனை அது திரைக்குப் பக்கத்தில் இழுக்கிறது.

"தி திங்" என்ற ஹாலிவுட் திகில் படத்தையும் சொல்ல வேண்டும். 1982-ல் வந்த படத்துக்கு உருவங்களைச் செய்த ராப் பாட்டின் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். ஒரு வருடத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை செய்து, கடைசியில் உடம்பு தாங்காமல் மருத்துவமனையில் சேர்ந்தார். அதே கதைக்கு 2011-ல் முன்கதை எடுத்தார்கள். அதற்கும் உண்மையான உருவங்களைச் செய்து, நடிகர்களுக்கு முன்னால் வைத்துப் படம் பிடித்தார்கள். பிறகு அவற்றில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரால் மூடிவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், எது வயிற்றைப் பிசைகிறது என்று தெரியும்.

என் கட்சி ஒப்பனைதான். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

பிக்சல்மீனா:

கொட்டகை அண்ணா, வணக்கம். நான் சென்னையில் ஏழு வருடமாக கிராபிக்ஸ் வேலையில் இருக்கிறேன். முதலில் ரோட்டோ, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக உருவத்தின் ஓரத்தை வெட்டியெடுப்பது. இப்போது பெயிண்ட், அதாவது வேண்டாததைப் படத்திலிருந்து அழிப்பது. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் பக்கத்தை யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

நல்ல ஒப்பனையையும் மோசமான கிராபிக்ஸையும் எதிரெதிரே நிறுத்திவிட்டீர்கள். நல்லதற்கு எதிரே நல்லதை நிறுத்துங்கள். 2006-ல் வந்த "பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்" இரண்டாம் பாகத்தில் டேவி ஜோன்ஸ் இருக்கிறாரே, ஆக்டோபஸ் தாடிக்காரர், அவர் முகத்தில் ஒட்டியது என்று எதுவுமே இல்லை. கண் உட்பட முழு முகமும் ஐ.எல்.எம். நிறுவனத்தார் கம்ப்யூட்டரில் செய்தது. கண்ணாவது பில் நைகியின் சொந்தக் கண்ணாக இருக்கும் என்று அப்போது நிறையப் பேர் நினைத்தார்கள். அடுத்த வருடம் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது.

ஆனால் அது ஏன் அவ்வளவு நன்றாக வந்தது என்று பாருங்கள். பில் நைகி தனியாக ஒரு ஸ்டூடியோவில் நின்று நடித்துவிட்டுப் போகவில்லை. சாம்பல் நிற உடையும் முகத்தில் புள்ளிகளுமாக, அதே கப்பல் தளத்தில், மற்ற நடிகர்களோடு, அதே மழையிலும் வெளிச்சத்திலும் நடித்தார். எதிரே நின்றவர் அவர் கண்ணைப் பார்த்துப் பேசினார். எங்களுக்கு வேண்டியது அதுதான். செட்டில் ஒரு ஆள், அவர் மேல் விழுந்த வெளிச்சம், அவர் விட்ட மூச்சு. இதெல்லாம் கையில் இருந்தால் மேலே எதைப் போட்டாலும் நிற்கும். பச்சைத்துணிக்கு முன்னால் ஒரு குச்சியில் டென்னிஸ் பந்தைக் கட்டி "இதுதான் அரக்கன், பயப்படுங்கள்" என்றால், பிறகு நாங்கள் எத்தனை இரவு முழித்தாலும் அந்த பயம் பொய்யாகத்தான் தெரியும்.

சேலத்துப் பையன்:

மீனா அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முகத்தில் ஒட்டும் ரப்பர் ஒப்பனையும் தோற்றிருக்கிறது. "தசாவதாரம்" 2008-ல் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. பத்து வேஷம், அதே வெஸ்ட்மோர். ஃப்ளெட்சர் முகமும் புஷ் முகமும் அன்றைக்கே எனக்கு முகமூடி போலத்தான் தெரிந்தன. கன்னம் அசையவில்லை. படத்தில் எல்லோருக்கும் பிடித்த பல்ராம் நாயுடு, ஒப்பீட்டளவில் கொஞ்சமாக ஒட்டிய முகம். உண்மையான பொருள் என்பதாலேயே உயிர் வந்துவிடுமா?

அரிதாரம்:

இருபத்திரண்டு வருடமாக மேக்கப் வேலையில் இருக்கிறேன். அப்பா தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார். அரிதாரம் என்பதே ஒரு மஞ்சள் கனிமப்பொடியின் பெயர், உள்ளே பாஷாணம் இருக்கிறது. அதைத்தான் அந்தக் காலத்தில் முகத்தில் பூசினார்கள். அந்தப் பெயரையே இங்கே வைத்துக்கொண்டேன்.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பதில் தானாகக் கிடைக்கும்.

முதலில் நடிகரின் முகத்தை அச்செடுப்போம். தலைமுடிக்குத் தொப்பி போட்டு, புருவத்தில் வாஸ்லின் தடவி, மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு, ஆல்ஜினேட் பூசுவோம். பல் மருத்துவர் அச்செடுக்கப் பயன்படுத்தும் அதே பொருள். அது தொய்யாமல் இருக்க மேலே பிளாஸ்டர் துணி சுற்றுவோம். உள்ளே இருப்பவருக்கு இருட்டு, காதும் பாதி அடைத்துவிடும். பெரிய சண்டைக்காட்சியில் நடித்தவர்கூட இந்தக் கால் மணி நேரத்தில் கைநடுங்கி எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் நடிகரின் தலை கிடைக்கும். அதன் மேல் களிமண்ணில் புது முகத்தைச் செதுக்குவோம். தோலில் இருக்கும் துளைகளுக்கு ஆரஞ்சுத் தோலை வைத்து அழுத்துவோம், அந்த வடிவம் அப்படியே பதியும். பிறகு அதிலிருந்து மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு. அதற்குள் லேடெக்ஸ் நுரையை ஊற்றி அடுப்பில் வேக வைப்பது பழைய முறை. இப்போது பெரும்பாலும் சிலிகான். ஓரம் மட்டும் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருக்க வேண்டும், தோலோடு கரைவது அந்த ஓரத்தில்தான். மாலையில் கழற்றும்போது அந்த ஓரம் கிழிந்துவிடும். ஆகவே அறுபது நாள் படப்பிடிப்பு என்றால் அறுபது ஜோடி முகம் வார்க்க வேண்டும். இதைத் தயாரிப்பாளருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

ஒரே முகமூடியாகச் செய்யாமல், கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று என்று ஒன்றின்மேல் ஒன்று படியும் துண்டுகளாக ஒட்டும் முறையை நிலைநிறுத்தியவர் டிக் ஸ்மித். 1970-ல் "லிட்டில் பிக் மேன்" படத்தில் டஸ்டின் ஹாஃப்மேனை 121 வயதுக் கிழவராக்கினார். 1973-ல் "எக்ஸார்சிஸ்ட்" படத்தில் பாதிரியாராக வரும் மாக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது நாற்பத்துச் சில்லறை வயதுதான். அவரை நிஜமாகவே கிழவர் என்று நினைத்தவர்கள் ஏராளம். துண்டு துண்டாக ஒட்டும்போது அடியில் இருக்கும் தசை எங்கே இழுக்கிறதோ அங்கே ரப்பரும் இழுபடும். கன்னம் அசையும்.

இப்போது "தசாவதாரம்". எங்கள் தொழிலில் ஒரு சுவர் இருக்கிறது தம்பி: நாங்கள் சேர்க்க மட்டுமே முடியும், குறைக்க முடியாது. கமல் சாரின் முகத்தில் இருக்கும் எலும்பை எடுத்துவிட்டு புஷ்ஷின் எலும்பை வைக்க முடியாது. மேலேதான் கட்ட வேண்டும். இன்னொரு ஆளின் முகமாக மாற்ற வேண்டும் என்றால் கனம் ஏறிக்கொண்டே போகும், ஏறினால் அசைவு செத்துவிடும். சேனாபதிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது கமல் சாருடைய முகமேதான், முப்பது வருடம் கழித்து எப்படி இருக்குமோ அப்படி. வெஸ்ட்மோரின் கை அதேதான். அவரிடம் கேட்ட காரியம்தான் வேறு.

குறைக்க வேண்டிய இடத்தில் மீனாவின் ஆட்கள் வந்தே ஆக வேண்டும். ஹாரி பாட்டரில் வோல்டமார்ட்டின் தோலும் நரம்பும் ஒப்பனை, மூக்கை அழித்தது கம்ப்யூட்டர். 2008-ல் வந்த பேட்மேன் படத்தில் டூ-ஃபேஸ் என்ற வில்லனுக்கு முகத்தின் பாதி எரிந்து பல்லும் தசையும் வெளியே தெரியும். கன்னமே இல்லாத இடத்தை எந்த ரப்பராலும் காட்ட முடியாது.

கொட்டகை:

அரிதாரம் அண்ணா, ஆரஞ்சுத் தோல் விஷயத்தை மகனிடம் படித்துக் காட்டினேன். சமையலறைக்குப் போய் ஒரு ஆரஞ்சை எடுத்துவந்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

ஒரு கேள்வி. நம் ஊர் வெயிலில் இது எப்படித் தாங்குகிறது?

அரிதாரம்:

தாங்காது, நாங்கள்தான் தாங்க வைக்க வேண்டும். சில வருடம் முன்னால் ஒரு புராண சீரியல், மே மாதம், திறந்தவெளி. அசுரனுக்குத் தாடையும் நெற்றியும் ஒட்டியிருந்தேன். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர் ஒன்பதுக்குத் தயார். அவருடைய காட்சியை மதியம் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். அதுவரை குடை இல்லை, விசிறி இல்லை. சிலிகான் வேர்வையை உறிஞ்சாது. வேர்வைக்குப் போக இடமில்லாமல் உள்ளேயே தேங்கி, தாடையில் பை மாதிரி தொங்கியது. ஊசியால் சின்னத் துளை போட்டு வடித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். ஷாட்டில் அது தெரிந்தது. "மேக்கப் சரியில்லை" என்றார்கள். அந்த நடிகர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கழற்றும்போது அவர் தாடையில் தோல் சிவந்திருந்ததைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடிகர் படும் பாட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2000-ல் "கிரிஞ்ச்" படத்துக்கு ஜிம் கேரிக்கு முதல் நாள் ஒப்பனை எட்டு மணி நேரம் ஆனது. படத்தை விட்டே போய்விடுவேன் என்றவரை நிறுத்த, சித்திரவதையைத் தாங்க உளவுத்துறை ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அந்தப் படத்தில் அவருக்கு ஒப்பனை போட்டவர்களில் ஒருவர் கசுஹிரோ சுஜி. பிற்பாடு அவர் சினிமாவே வேண்டாம் என்று ஒதுங்கி, சிற்பம் செய்யப் போய்விட்டார். சர்ச்சிலாக நடிக்க கேரி ஓல்ட்மேன் நேரில் கேட்டுக்கொண்டதால்தான் திரும்பி வந்தார். அந்தச் சர்ச்சில் படத்துக்கு 2018-ல் ஒப்பனை ஆஸ்கர் கிடைத்தது.

நாடகவாத்தியார்:

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தருகிறேன். எல்லோரும் முகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உடம்பைப் பற்றிச் சொல்லலாமா?

2019-ல் வந்த "தி ஐரிஷ்மேன்" படத்தில் ராபர்ட் டி நீரோவைக் கம்ப்யூட்டரால் இளைஞராக்கினார்கள். முகத்தில் புள்ளிகூட வைக்காமல், நடுவில் ஒரு கேமரா, இரண்டு பக்கமும் அகச்சிவப்பு பதிவுக்கு இரண்டு கேமரா என்று கட்டி எடுத்தார்கள். முகம் பரவாயில்லை. ஆனால் மளிகைக்கடைக்காரரைத் தெருவில் போட்டு உதைக்கும் காட்சியைப் பாருங்கள். உதைப்பது எழுபது வயது தாண்டியவரின் கால். இடுப்பு திரும்பவில்லை, எடை முன்காலில் இறங்கவில்லை. முகத்தில் இருக்கும் வயதை முதுகு ஒத்துக்கொள்ளவில்லை.

2008-ல் வந்த "பெஞ்சமின் பட்டன்" வேறு வழியில் போனது. கிழவனாகப் பிறந்து குறுகிப்போயிருக்கும் பருவத்துக்கு, உயரம் குறைந்த வேறு நடிகர்களை நடக்கவிட்டு, அவர்கள் உடம்பின் மேல் பிராட் பிட்டின் முகத்தைக் கம்ப்யூட்டரில் செய்து வைத்தார்கள். பிந்தைய பருவங்களுக்கு ஒப்பனை. அந்த வருடம் ஒப்பனை ஆஸ்கர், விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் இரண்டும் அந்தப் படத்துக்கே. உடம்பு சரியாக இருந்ததால் முகத்தை நம்பினோம்.

நம் ஊர் உதாரணம் "அபூர்வ சகோதரர்கள்", 1989. குள்ளன் அப்புவாக வரும் கமலுக்கு முகத்தில் ஒன்றுமே ஒட்டவில்லை, கம்ப்யூட்டரும் இல்லை. காலை மடக்கிக் கட்டி முட்டியில் விசேஷக் காலணி, நிற்கும் சில காட்சிகளுக்குத் தரையில் குழி, உட்காரும் காட்சிக்குப் பொய்க்கால். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒவ்வொரு தந்திரம். இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவும் கமலும் கேமரா எங்கே நிற்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்யாமல் இதில் ஒரு ஷாட்கூட எடுத்திருக்க முடியாது. பிள்ளைகளுக்கு இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன். அப்புவின் தோள் எப்படி ஆடுகிறது என்று பார்க்கச் சொல்வேன்.

பிக்சல்மீனா:

ஐயா, "முதலிலேயே முடிவு செய்யாமல்" என்றீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன்.

மக்கள் மோசமான கிராபிக்ஸ் என்று திட்டும் காட்சிகளில் பாதி, முடிவு தாமதமாக வந்த காட்சிகள். என் அனுபவம் ஒன்று. ஒரு படத்தில் வயதான வேஷத்தில் ஒரு நடிகர். விக்கின் லேஸ் ஓரம் நெற்றியில் வலை வலையாகத் தெரிந்தது, காதுக்குக் கீழே ஒட்டிய துண்டு தூக்கிக்கொண்டிருந்தது. செட்டில் யாரோ "பரவாயில்லை, போஸ்ட்ல பார்த்துக்கலாம்" என்று, அதாவது படப்பிடிப்புக்குப் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக அழித்தது நானும் இன்னும் நான்கு பேரும். மூன்று மாதம் பகல் இரவு தெரியவில்லை. ரிலீஸ் சமயத்தில் "ஒரு துளி கிராபிக்ஸ் இல்லை, எல்லாம் நிஜ மேக்கப்" என்று பேட்டி வந்தது. அந்த மேக்கப் கலைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் அரிதாரம் அண்ணாவுக்கு நடந்ததுதான் நடந்திருக்கும். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவர் பெயர்கூடப் படத்தின் கடைசியில் வரவில்லை என்பது இன்னமும் வலிக்கிறது.

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையை டார்ச் வெளிச்சத்துக்கு முன்னால் நீட்டினால் விரல் சிவப்பாகத் தெரியும் இல்லையா? வெளிச்சம் தோலுக்குள் போய், பரவி, வேறு இடத்தில் வெளியே வருகிறது. பழைய கம்ப்யூட்டர் முகங்கள் பிளாஸ்டிக் மாதிரி இருந்ததற்குக் காரணம் இதைக் கணக்கிடாததுதான். 2001-ல் ஜென்சன், மார்ஷ்னர், ஹன்ராகன் முதலியவர்கள் இதை விரைவாகக் கணக்கிட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2002-ல் வந்த "லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" படத்தில் கொல்லம் என்ற கம்ப்யூட்டர் பாத்திரத்தின் தோலில் அந்த வேலை தெரியும். அந்த மூவருக்கும் 2004-ல் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அண்ணா, லேடெக்ஸை விட்டு நீங்கள் சிலிகானுக்குப் போனதும் இதே காரணத்துக்குத்தானே?

அரிதாரம்:

அதேதான் தங்கச்சி. லேடெக்ஸ் வெளிச்சத்தை உள்ளே விடாது, தோலின் ஆழத்தையெல்லாம் நாங்கள் வர்ணத்தில் பொய் சொல்லிக் காட்ட வேண்டும். சிலிகானில் வெளிச்சம் தானே இறங்கும். உங்கள் ஆட்கள் கணக்கில் தேடியதை நாங்கள் பொருளில் தேடியிருக்கிறோம். அந்த ஐந்து பேருக்கும் ஒரு மேக்கப்காரனாக நன்றி சொல்கிறேன்.

சேலத்துப் பையன்:

பிரெண்டன் ஃப்ரேசர் மிகப் பருமனான ஆளாக நடித்து 2022-ல் வந்த "தி வேல்" என்ற ஆங்கிலப் படம் எந்தக் கணக்கில் வரும்? கொரோனா காலம் என்பதால் அவர் முகத்தில் ஆல்ஜினேட் பூசவில்லை. ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரிலேயே செதுக்கி, முப்பரிமாண அச்சில் மோல்டு எடுத்து, அதில் சிலிகான் வார்த்து ஒட்டினார்கள். ஏட்ரியன் மோரோ குழுவுக்கு ஒப்பனை ஆஸ்கர் கிடைத்தது.

அரிதாரம்:

ஒப்பனைக் கணக்கில்தான் தம்பி. கேமராவுக்கு முன்னால் நடிகரின் உடம்பில் அது இருந்தது, அதன் எடையைச் சுமந்துகொண்டுதான் அவர் எழுந்து நின்றார். எந்தக் கருவியில் செதுக்கினார்கள் என்பது எனக்குப் பொருட்டில்லை. சொல்லப்போனால் நானே இப்போது அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். களிமண்ணில் கட்டைவிரல் தரும் பிடி அதில் வரவில்லை. ஆனால் மூக்கின் இடதுபக்கத்தைச் செய்தால் வலதுபக்கம் தானே வருகிறது, அது பெரிய உதவி.

கொட்டகை:

நான் சொன்னதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். 2011 படத்தைக் கம்ப்யூட்டரின் தோல்வி என்று எழுதியிருந்தேன். அங்கே நடிகர்களுக்கு முன்னால் உருவம் இருந்தது, செய்தவர்களின் உழைப்பும் இருந்தது. எல்லாம் எடுத்து முடித்த பிறகு மனதை மாற்றிக்கொண்டதுதான் அந்தப் படத்தைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் மகன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றது சேனாபதிக்குத்தான், அதில் நான் மாறவில்லை.

அப்புறம், அவனுக்கு அச்செடுத்துப் பார்க்க வேண்டுமாம். இரண்டு நாளாக விடவில்லை. வீட்டில் செய்யலாமா அண்ணா?

அரிதாரம்:

முகம் வேண்டவே வேண்டாம். தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் யாருக்கும் முகத்தில் அச்செடுக்கக் கூடாது. கையில் தொடங்கச் சொல்லுங்கள். அதிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நேராகத் தோலில் போடாதீர்கள், இறுகும்போது சூடேறும், கனமாக இருந்தால் தோல் வெந்துவிடும். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் ஆல்ஜினேட் பொட்டலம் கிடைக்கும். தண்ணீரைக் குளிர்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கலக்கும்போதே இறுகிவிடும். கை நுழையும் அளவு பாத்திரத்தில் ஊற்றி, கையை அசைக்காமல் சில நிமிடம் வைத்திருக்கட்டும். விரலை ஒவ்வொன்றாக மெல்ல ஆட்டினால் காற்று புகுந்து கழன்று வரும். அந்தக் குழிக்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, பாத்திரத்தைத் தட்டிக்கொடுங்கள், காற்றுக்குமிழ் மேலே வந்துவிடும். அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், ஆல்ஜினேட் காய்ந்தால் சுருங்கும்.

வெளியே எடுத்ததும் கைரேகை வரை தெரியும். படம் போடுங்கள், பார்க்கிறேன்.